ஆய்வுக் கட்டுரையில் பழுது எங்கே? அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

பாசனக் கால்வாயின் கடைசி முனையான கடைமடையில் உள்ள வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தலைஞாயிற்று விவசாயி தன் வயலோரத்து வாய்க்காலை மட்டும் வெட்டிக்கொண்டு நிற்பதில்லை. மேலே எந்த மதகில் தடை என்று விசாரிக்கிறார். மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரையிலும் பழுது கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. முடிவுரை வலுவின்றி நிற்பதற்கு முன்னுரையில் கேள்வியே எழாதது காரணமாக இருக்கலாம்; விவாதப் பகுதி குழம்புவதற்கு ஆய்வுமுறையில் விட்டுப்போன ஒரு வரி காரணமாக இருக்கலாம். ஆகையால், நெறியாளர் ஒரு பகுதியைச் சுட்டி "இது சரியில்லை" என்று சொன்னவுடன் அந்தப் பகுதியையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் வீண் உழைப்பாக முடிகிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இளங்கலை இறுதியாண்டு ப்ராஜெக்டும் முதுகலை ஆய்வேடும் எழுதும் மாணவர்களை மனத்தில் கொண்டு, அறிகுறி, காரணம், திருத்தம் என்ற முறையில் இது எழுதப்படுகிறது. மேட்டூர் அணை திறக்கப்படும் நாளுக்கும் டெல்டாவின் குறுவை என்னும் குறுகிய கால நெற்பயிரின் பரப்புக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அக்கட்டுரையின் உறுப்புகள் வழக்கமானவையே: தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், முன்னுரை, முன்னாய்வுகள், ஆய்வுமுறை, கண்டறிந்தவை, விவாதம், முடிவுரை, துணைநூற்பட்டியல், தேவைப்பட்டால் பின்னிணைப்பு.

அறிகுறி: தலைப்பைப் படித்தவர் "சரி, இதில் எதை ஆராய்ந்தீர்கள்?" என்று கேட்கிறார்

"காவிரி டெல்டாவில் வேளாண்மை: ஓர் ஆய்வு" என்பது போன்ற தலைப்பு ஒரு துறையின் பெயரைச் சொல்கிறதேயன்றி ஆய்வின் பெயரைச் சொல்வதில்லை. "ஓர் ஆய்வு" என்னும் ஒட்டை நீக்கிப் பாருங்கள். எஞ்சியிருப்பது ஒரு பாடநூலின் அட்டையில் அச்சிடத் தக்கதாக இருந்தால், ஆய்வுப் பொருள் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். எந்தப் பயிர், எந்த வட்டம், எந்த ஆண்டுகள், எவற்றுக்கு இடையிலான தொடர்பு என்னும் நான்கையும் தலைப்பில் எழுதுங்கள். "மேட்டூர் அணைத் திறப்பு நாளும் குறுவைச் சாகுபடிப் பரப்பும்: திருவையாறு, திருத்துறைப்பூண்டி வட்டங்கள், 2012–2023" என்னும் தலைப்பு நீளமானதுதான். ஆயினும், தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையிலும் கடைசியில் சேரும் கடைமடையிலும் ஒவ்வொரு வட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது டெல்டாவை அறிந்த எவருக்கும் முதல் பார்வையிலேயே விளங்கிவிடும். ஆண்டுகளை ஏன் அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் பார்ப்போம்.

அறிகுறி: முன்னுரையில் நான்கு பக்கம் கடந்தும் ஆய்வுக்கேள்வி வரவில்லை

இதுவே டெல்டா மாணவர்களின் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் குறை. மண்ணின் பெருமையே அதற்குக் காரணம் என்றும் சொல்லலாம். கரிகாலனில் தொடங்கி, கல்லணையைச் சுற்றி வந்து, சோழநாடு சோறுடைத்து என்று முழங்கி, 1934-இல் மேட்டூர் அணை வந்ததைச் சொல்லி, 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்ததையும் 2007-இல் அது இறுதித் தீர்ப்பு அளித்ததையும் விரித்து, உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டுக்கான காவிரி நீரை 177.25 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்று குறைத்ததை எழுதி முடிக்கும்போது பக்க வரம்பில் கால் பங்கு தீர்ந்துவிடுகிறது. இவை அனைத்தும் உண்மையே. எனினும், இவற்றுள் எதுவும் குறுவைப் பரப்பைப் பற்றிய கேள்விக்கு வாசகரை அழைத்துச் செல்லவில்லை. இலக்கண நூலான நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணும் 'மற்றொன்று விரித்தல்' இதுதான்.

திருத்தம் எளிது. முன்னுரை மூன்று செயல்களைச் செய்ய வேண்டும்: இத்துறையில் இதுவரை தெரிந்தது எது, தெரியாமல் நிற்பது எது, இக்கட்டுரை அதில் எதைச் செய்கிறது. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பகுத்துப் பார்த்த மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் ஏறத்தாழ இந்த மூன்று நகர்வுகளையே காட்டினார். உங்கள் முன்னுரையின் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது இம்மூன்றில் எதைச் செய்கிறது என்று பென்சிலால் 1, 2, 3 என்று குறியுங்கள். எந்த எண்ணையும் பெறாத பத்தியை வெட்டி எடுத்துத் தனிக் கோப்பில் வைத்துவிடலாம். அழிக்க மனம் வராதவர்களுக்கு இது நல்ல உபாயம். பிறகு முன்னுரையின் தொடக்கம் இப்படி அமையக்கூடும்: "மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படுகிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்த நாளில் திறக்கப்படவில்லை. இந்தத் தாமதம் தலைமடை, கடைமடைப் பகுதிகளின் குறுவைப் பரப்பை ஒரே அளவில் பாதித்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி." மூன்றே வாக்கியங்களில் வாசகர் கேள்விக்கு வந்துவிட்டார்.

அறிகுறி: முன்னாய்வுகள் பகுதி வருகைப்பதிவேடு போல இருக்கிறது

"இன்னார் தம் ஆய்வில் இவ்வாறு கூறுகிறார். இன்னொருவர் இவ்வாறு கூறுகிறார்" என்று பத்திக்கு ஒருவராக வந்து போகிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. ஆசிரியர் பெயரை எழுவாயாக வைத்து எழுதுவதால் நேரும் பழுது இது. கருத்தை எழுவாயாக வைத்துப் பாருங்கள்: "குறுவை குறைவதற்கு ஆற்றுநீர்த் தாமதமே முதன்மைக் காரணம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர், ஆட்கூலி உயர்வையும் விலையையும் காரணமாகக் காட்டுவோரும் உள்ளனர், ஆழ்துளைக் கிணறு உள்ள இடங்களில் இவ்விரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இரு சாராரும் பிரித்துப் பார்க்கவில்லை." இவ்வாறு எழுதும்போது ஆசிரியர்களின் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் சென்றுவிடும், உங்கள் கேள்விக்கான இடமும் தானாகத் தோன்றிவிடும்.

அறிகுறி: தேர்வாளர் ஆய்வுமுறையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்

"விவசாயிகளிடமிருந்து தரவுகள் சேகரிக்கப்பட்டன" என்னும் வாக்கியத்தில் யார் சேகரித்தார், யாரிடம், எப்போது, எத்தனை பேரிடம் என்பன மறைந்துவிடுகின்றன. அந்த நான்கையும் எழுதினால் தேர்வாளரின் கேள்விகளில் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதி தேர்வைப் பற்றியது: ஏன் இந்த ஊர், ஏன் இவர்கள்? சொந்த ஊர் என்பதால் தேர்ந்தெடுத்திருந்தால் அதையே நேர்மையாக எழுதலாம், அது குற்றமன்று. ஆனால் சொந்த ஊரில் பேசியவர்கள் அனைவரும் நிலவுடைமையாளர்களாக இருந்து, குத்தகைதாரரும் விவசாயக் கூலித் தொழிலாளரும் விடுபட்டிருந்தால், "டெல்டா விவசாயிகள்" என்று பொதுவாக எழுதும் உரிமை அக்கட்டுரைக்கு இல்லை. வினாநிரலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "தண்ணீர் தாமதத்தால் நீங்கள் எவ்வளவு பாதிக்கப்பட்டீர்கள்?" என்று கேட்டால் பாதிக்கப்படவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. "சென்ற ஆண்டு குறுவை போட்டீர்களா? போடவில்லையென்றால் ஏன்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

ஆண்டுத் தேர்வில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. எளிதில் கிடைக்கிறது என்பதற்காக ஒரு மாணவர் 2020 முதல் 2023 வரையிலான புள்ளிவிவரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2020, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. 2022-இல் அதற்கும் முன்பாகவே, மே 24 அன்று திறக்கப்பட்டது. தாமதமே இல்லாத ஆண்டுகளை மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டு தாமதத்தின் விளைவை எங்ஙனம் அளப்பது? விவாதப் பகுதியை எத்தனை முறை திருத்தினாலும் இப்பழுது நீங்காது. தாமதமான ஆண்டுகளும் தாமதமில்லாத ஆண்டுகளும் கலந்து வரும்படி 2012–2023 என்று எல்லையை விரித்தால்தான் ஒப்பீடே பிறக்கிறது.

அளவைகளையும் இங்கேயே வரையறுத்துவிட வேண்டும். நேர்காணலில் பேசும் விவசாயி நிலத்தின் அளவை வேலியிலும் மாவிலும் சொல்வார். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கல் ஹெக்டேரில் இருக்கும். ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி, ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அட்டவணைகள் அனைத்தையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள். மூட்டைக் கணக்கில் இன்னும் கவனம் தேவை: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ, தனியார் வியாபாரி எடுக்கும் மூட்டை அதைவிடப் பெரியது. "மாவுக்கு எத்தனை மூட்டை" என்று மட்டும் கேட்டு வந்தவருடைய விளைச்சல் அட்டவணையை நம்ப இயலாது. அவ்வாறே, வருவாய்த் துறைப் பதிவுகள் பசலி ஆண்டில் அமைந்தவை. பசலி 1430 என்பது 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை. குறுவை என்பது ஜூனில் நாற்று விட்டு, மழை பிடிப்பதற்குள் அறுக்கும் பயிர். அது ஜூன் இறுதியில் முடியும் ஒரு பசலியையும் ஜூலையில் பிறக்கும் அடுத்த பசலியையும் தொட்டு நிற்கிறது. எந்தப் பசலியில் அது பதிவாகியுள்ளது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டுரையில் குறிப்பிடுங்கள்; இல்லையேல் அணைத் திறப்பு ஓர் ஆண்டிலும் பயிர்ப் பரப்பு மற்றோர் ஆண்டிலுமாக அட்டவணை பிசகிவிடும்.

அறிகுறி: வரைபடத்தில் திடீர் வீழ்ச்சி ஒன்று தெரிகிறது

1980-களிலிருந்து தஞ்சாவூர் மாவட்ட நெற்பரப்பை வரைந்தால், 1990-களின் தொடக்கத்தில் கோடு செங்குத்தாகச் சரியும். பஞ்சம், வறட்சி, நீர்ப்பகிர்வுச் சிக்கல் என்று விவாதம் விறுவிறுப்பாக வளரும். நடந்தது வேறு: 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. பிறகு 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் பிறந்தன. ஒவ்வொரு பிரிவினையின்போதும் பழைய மாவட்டத்தின் பெயரிலுள்ள கோடு ஒருபடி இறங்கும். வயல்கள் எங்கும் போகவில்லை, மாவட்ட எல்லைதான் நகர்ந்தது. இவ்வகை வீழ்ச்சியைக் கண்டால் காரணம் தேடப் புறப்படுவதற்கு முன், அளக்கப்பட்ட பொருள் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றுதானா என்று பாருங்கள். நான்கு மாவட்ட எண்களையும் கூட்டிப் பழைய ஒருங்கிணைந்த தஞ்சாவூராகக் காட்டுவது ஒரு வழி. வட்ட அளவுக்கு இறங்கி, வட்ட எல்லைகளும் மாறியுள்ளனவா என்று சரிபார்த்துக்கொள்வது மற்றொரு வழி. எதைச் செய்தாலும் வரைபடத்தின் அடியில் ஒரு குறிப்பாக எழுதிவிடுங்கள்.

அறிகுறி: கண்டறிந்தவையும் விவாதமும் ஒரே செய்தியைச் சொல்கின்றன

அட்டவணையில் உள்ள எண்களைப் பத்தியில் மீண்டும் எழுதி, அதே எண்களை விவாதத்தில் மூன்றாம் முறையாகவும் எழுதுவது 'கூறியது கூறல்'. கண்டறிந்தவை என்னும் பகுதியில் பார்த்தது மட்டும் இருக்க வேண்டும். பார்த்ததற்கு என்ன பொருள் என்பது விவாதத்துக்கு உரியது. பிரிப்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 'ஏனெனில்', 'இதனால்', 'காரணமாக', 'என்று கருதலாம்' ஆகிய சொற்கள் உள்ள வாக்கியங்கள் அனைத்தையும் விவாதத்துக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு விவாதப் பகுதியில் வாக்கியங்களே இல்லை என்று தெரிந்தால், நீங்கள் இதுவரை விவாதிக்கவே இல்லை என்பது வெளிப்படும்.

விவாதத்தில் காரணங்களைச் சொல்லும்போது காலவரிசையைச் சரிபார்ப்பது இன்றியமையாதது. 2018-இல் குறுவை குறைந்ததற்குக் கஜா புயலைக் காரணம் காட்டினால், நவம்பர் 16 அன்று கரை கடந்த புயல், அதற்கு முன்பே அறுவடைக் காலம் முடிந்துவிடும் பயிரை எப்படிப் பாதித்தது என்று தேர்வாளர் கேட்பார். அந்தப் புயல் சம்பாவின் கணக்கிலும் தென்னையின் கணக்கிலும் வர வேண்டியது. அவ்வாண்டு அணை ஜூலை 19 அன்று திறக்கப்பட்டதே குறுவையின் கணக்கில் வர வேண்டியது.

எதிர்பார்த்ததற்கு மாறான தரவு வந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை; விவாதம் வளம் பெறுவதே அங்கேதான். அணை தாமதமாகத் திறந்த ஆண்டுகளிலும் தலைமடையில் குறுவை முற்றிலும் அற்றுப்போவதில்லை. பம்ப்செட் வைத்திருப்பவர் ஆற்றுநீருக்குக் காத்திராமல் நாற்று விடுகிறார். ஆற்றுநீரை மட்டும் நம்பியிருப்பவர் குறுவையைக் கைவிட்டு, நீண்டகாலச் சம்பா ஒன்றோடு அமைந்துவிடுகிறார். கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் பம்ப்செட் என்னும் வழியே பலருக்கு இல்லை. ஆகவே, "தாமதம் குறுவையைக் குறைக்கிறது" என்னும் தட்டையான முடிவைவிட, "தாமதத்தின் சுமை நல்ல நிலத்தடி நீர் இல்லாதவர் மீது கூடுதலாக விழுகிறதா?" என்னும் வினா கூர்மையானது. இந்த வினா தோன்றியதும் முன்னுரைக்குத் திரும்பிச் சென்று ஆய்வுக்கேள்வியைத் திருத்தி எழுதலாம், எழுதவும் வேண்டும். கட்டுரை அச்சாகும் வரை முன்னுரை எவருக்கும் வாக்களிக்கப்பட்ட ஒன்றன்று.

இலக்கியம், வரலாறு பயில்வோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டறிந்தவை, விவாதம் என்னும் இருகூற்றுப் பிரிவினை அறிவியல் கட்டுரைகளுக்கும் கள ஆய்வுகளுக்கும் பொருந்துவது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பற்றி எழுதுபவர், சான்றை ஓர் இயலிலும் விளக்கத்தை மற்றோர் இயலிலும் வைத்தால் வாசகர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக் களைத்துப்போவார். அங்கே ஒவ்வோர் இயலும் ஒரு கருத்தைச் சுமக்க வேண்டும். கல்வெட்டு வரியைத் தந்தவுடன் அது எதைக் காட்டுகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். மேற்கோளைக் கொடுத்துவிட்டு அடுத்த மேற்கோளுக்குத் தாவுவது இப்பிரிவில் மிகப் பரவலான பழுது. அத்துடன், கல்வெட்டுப் பாடத்தைப் பதிப்பித்த தொகுதியிலிருந்து எடுத்தீர்களா, அதைப் பற்றி வேறொருவர் எழுதிய நூலிலிருந்து எடுத்தீர்களா என்பதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

அறிகுறி: முடிவுரை "அரசு ஆவன செய்ய வேண்டும்" என்று முடிகிறது

நன்னூல் இதற்கும் பெயர் வைத்திருக்கிறது: 'சென்று தேய்ந்து இறுதல்'. வலுவாகத் தொடங்கிய கட்டுரை, தூர்வார வேண்டும், மானியம் தர வேண்டும், விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் பரிந்துரைகளில் கரைந்துவிடுகிறது. முன்னுரையின் கேள்வியை வெட்டியெடுத்து முடிவுரையின் முதல் வரிக்கு மேல் ஒட்டிப் பாருங்கள். அடுத்து வரும் வாக்கியம் அதற்கு விடையாக இருக்க வேண்டும். உங்கள் தரவிலிருந்து பிறக்காத பரிந்துரையை நீக்கிவிடலாம். கட்டுரையில் முன்பு எங்கும் வராத புதிய செய்தி முடிவுரையில் தலைகாட்டினால் அதை உரிய இடத்துக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: ஆய்வுச் சுருக்கம் இன்னொரு முன்னுரை போல இருக்கிறது

முதலில் எழுதியதே காரணம். கடைசியாக எழுதுங்கள். "ஆராயப்படுகிறது", "விளக்கப்படுகிறது" என்று முடியும் வாக்கியங்கள் கட்டுரையின் நோக்கத்தைச் சொல்கின்றன, கண்டதைச் சொல்வதில்லை. கேள்வி, முறை, முதன்மையான முடிவு, அதன் எல்லை ஆகியவற்றுக்கு ஓரிரு வாக்கியங்கள் போதும்; சுருக்கத்தை மட்டும் படிப்பவருக்கும் விடை தெரிந்துவிட வேண்டும்.

அறிகுறி: பிறர் எழுத்தை எடுத்தாண்டதைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனையில் விழுக்காடு எகிறுகிறது, அல்லது ஐயத்துக்குரிய அளவில் சுழியமாக வருகிறது

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேடுகளில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றும், அதற்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திய படியைத் தர வேண்டும் என்றும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும் என்றும் படிநிலை வகுத்துள்ளன. உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இக்கணக்கில் சேரா. விழுக்காடு உயர்ந்தால் பெரும்பாலும் முன்னாய்வுகள் பகுதியில்தான் காரணம் இருக்கும்: மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதி, சொற்களை மட்டும் அங்குமிங்கும் மாற்றியிருப்பீர்கள். மூலத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதி, பிறகு சரிபார்த்துச் சான்று காட்டுங்கள்.

சுழியம் வருவது மகிழ்ச்சிக்கு உரியதன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான தமிழ், கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. சோதனை மென்பொருளுக்கு அதில் தமிழே தெரிவதில்லை. துணைநூற்பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னாலும் அகரவரிசை தாறுமாறாக வருவது இதனால்தான். டிடிபி கடையில் கொடுக்கும்போதே யூனிகோட் எழுத்துருவில் அடிக்கச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால் மாற்றியில் இட்டு மாற்றிய பிறகு, 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற கிரந்த எழுத்துகளும் கொம்புக் குறிகளும் உடைந்துள்ளனவா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: துணைநூற்பட்டியலும் கட்டுரையும் ஒத்துப்போகவில்லை

கட்டுரையில் வரும் ஒவ்வொரு சான்றும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலும் கட்டுரையில் எங்கேனும் வருகிறதா என்று இரு திசையிலும் டிக் போட்டுப் பாருங்கள். படிக்காத நூலைப் பட்டியலை நிரப்புவதற்காகச் சேர்த்திருந்தால் வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றியே கேட்பார்கள். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மேற்கோள் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்வதால், தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் எழுதும் ஆசிரியர்கள் அந்தத் தலைப்பெழுத்தின் கீழே வரிசையாகிவிடுகிறார்கள். ஆசிரியரின் இயற்பெயர் முதலிலும் தலைப்பெழுத்து அதன் பின்னுமாக, 'சாமிநாதையர், உ.வே.' என்ற முறையில் நீங்களே கையால் திருத்திவிடுங்கள். தமிழ் நூல்களைத் தமிழ் அகரவரிசையிலும் ஆங்கில நூல்களைத் தனியேயும் அடுக்குங்கள். நேர்காணல் தந்தவர்களின் பட்டியலும் வினாநிரலும் பின்னிணைப்புக்குச் செல்லட்டும். பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களுக்கு எண் மட்டும் இட்டால் போதும்.